கீதாரி சொல்றேன், விசிலைக் கீழ வைய்யி

வாப்பு, வா. இப்படித் திண்ணையில உக்காரு. அந்தக் கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டு உக்காரு, பொழுது அடைஞ்சு அரை மணி நேரமாச்சு. கழுத்துல விசிலு, கக்கத்துல நோட்டு, மூஞ்சியில மொறைப்பு. கோச்சுன்னா சும்மாவா! நம்ம பயலுக நாலு கோல் வாங்கித் தோத்த சேதி உனக்கு முன்னாடியே இங்க வந்து சேர்ந்திருச்சு. தோத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பந்துன்னா ஒருத்தன் செயிக்கணும், ஒருத்தன் தோக்கணும். ஆனா தோத்த கையோட நீ டீக்கடை பெஞ்சுல காலு மேல காலப் போட்டுக்கிட்டு, "நம்ம கோல்கீப்பருக்குக் கையில எலும்பே இல்ல"ன்னு பத்துப் பேரு சிரிக்கச் சொன்னயாமே. அதுதான் எனக்குக் கஞ்சி எறங்க மாட்டேங்குது.

கெழவனுக்குப் பந்தப் பத்தி என்னடா தெரியும்னு மனசுக்குள்ள சிரிக்கிறது தெரியுது. நாப்பது வருசம் கீதாரியா இருந்து ஆட்டையும் ஆளையும் மேச்சவன்ப்பு நானு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா, நீ டிவி வெளிச்சத்துல பேயாட்டம் உக்காந்திருப்ப. தூக்கம் வராத கெழவன் நானும் பக்கத்துல உக்காந்து பாத்தவன்தான். பழைய ஆளுக படத்தையெல்லாம் நீதான போட்டுக் காட்டுன? ஒரு வித்தியாசம். நீ பந்தப் பாத்த. நான் கோட்டுக்கு வெளிய கோட்டு மாட்டிக்கிட்டுக் கத்துற ஆளப் பாத்தேன். கீதாரி கண்ணு அங்கனதான் போகும்.

அந்த பிரையன் கிளஃப் கதைய மறந்துட்டயா? 1974 சூலையில லீட்ஸுக்கு மேனேஜராப் போனாரு. லீட்ஸ் லேசுப்பட்ட டீமா? அந்த வருசம்தான் இங்கிலாந்து லீக்க செயிச்சுட்டு நெஞ்ச நிமித்தி நின்னாய்ங்க. முன்னாடி இருந்த மேனேஜர் டான் ரெவிய அந்தப் பயலுக பெத்த அப்பனாட்டம் பாத்தாய்ங்க. கிளஃப்புக்கு ரெவியக் கண்டாலே ஆகாது. லீட்ஸ் ஆடுறது அழுக்கு ஆட்டம்னு வருசக்கணக்கா வாய் ஓயாம ஏசுன மனுசன். அவரையே வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டாக பாரு, அந்த நிர்வாகத்துக்கு ஒரு பெரிய கும்புடு. போனவரு பயலுகளக் கூட்டி வச்சு, "நீங்க வாங்குன மெடலையெல்லாம் குப்பைத்தொட்டியில போடுங்க, ஒண்ணுகூட நேர்மையா செயிச்சது இல்ல"ங்கிற மாதிரிச் சொன்னாராம். அங்க இருந்த ஆட்டக்காரவுகளே பின்னாடி சொன்ன சேதி இது.

எப்படி இருக்கும்? புதுசா வந்த மருமக முத நாளே அடுப்படியில நின்னுக்கிட்டு, இம்புட்டு நாளும் உங்க ஆத்தா வச்ச கொழம்பெல்லாம் கழனித்தண்ணின்னு சொன்னா எப்படி இருக்கும்? சொன்னது நெசமாவே இருக்கட்டுமே. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல அவ கையால எவன் சோறு திம்பான்? லீட்ஸ்லயும் ஒருத்தனும் திங்கல. லீக்ல ஆறு ஆட்டம், செயிச்சது ஒண்ணு. 44ஆம் நாள் மூட்டை கட்டியாச்சு. நம்ம ஊர்ல கல்யாண வீட்டு வாழமரங்கூட அதவிடக் கொஞ்ச நாள் கூட நிக்கும்.

இதோட கதை முடிஞ்சிருந்தா, வாய்க்கொழுப்பு புடிச்ச மேனேஜர் ஒழிஞ்சான்னு நானும் துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டுப் போயிருவேன். முடியலயே! அதே மனுசன் 1975 சனவரியில நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போறாரு. ரெண்டாம் டிவிசன்ல உருண்டுக்கிட்டுக் கெடந்த டீமு. 1977ல மேல ஏறுனாய்ங்க. ஏறுன மறு வருசமே லீக்க செயிச்சாய்ங்க. 1979லயும் 1980லயும் ஐரோப்பியக் கப்பு, வரிசையா ரெண்டு வாட்டி. வாயி அதே வாயி. திமிரு அதே திமிரு. அங்க வெளங்காதது இங்க எப்படி வெளங்குச்சு?

ஜான் ராபர்ட்சன்னு ஒரு பய அங்க இருந்தான். தொளதொளன்னு ஒடம்பு, கையில சிகரெட்டு, பயிற்சின்னா வயித்து வலி. ஒண்ணுத்துக்கும் ஒதவாத அழுக்குப் பயன்னு கிளஃப்பே ஏசியிருக்காரு. நீயா இருந்தா அவன டீக்கடையிலயே வித்திருப்ப. கிளஃப்பு என்ன செஞ்சாரு? எடது ஓரத்துல நிப்பாட்டி, பந்த அவன்கிட்டக் குடுங்கடான்னு மத்தவய்ங்களுக்குச் சொல்லிட்டாரு. 1979 ஃபைனல்ல பத்து லட்சம் பவுன் குடுத்து வாங்குன டிரெவர் ஃபிரான்சிஸ் தலையில முட்டிப் போட்ட கோலுக்கு அந்தப் பந்தத் தூக்கிக் குடுத்தது அந்த அழுக்குப் பய. 1980 ஃபைனல்ல ஹாம்பர்க் மேல விழுந்த ஒத்தக் கோலும் அவன் போட்டதுதான். இங்கனதான் சூட்சுமம் இருக்கு. ராபர்ட்சன ஏசுனது, நீ இதவிடப் பெரிய ஆளுடான்னு சொல்ற ஏச்சு. லீட்ஸ்ல ஏசுனது, நீயும் ஒன் அப்பனும் திருட்டுப் பயலுகடான்னு சொல்ற ஏச்சு. ஏச்சு ஒண்ணுதான். ஏசுறவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும்ப்பு, பந்து ஆடுற பயலுக்குத் தெரியாதா?

இன்னொரு சேதியும் இருக்கு. கிளஃப்புக்கு பீட்டர் டெய்லர்னு ஒரு கூட்டாளி. ஆள் பொறுக்குறதுல மன்னன். கிளஃப்புக்குக் கோவம் தலைக்கேறுனா அவரச் சிரிக்க வச்சு எறக்குற ஆளும் அவருதான். லீட்ஸுக்குப் போகயில டெய்லர் கூட வரல, பிரைட்டன்லயே தங்கிட்டாரு. 1976ல ஃபாரஸ்டுக்கு வந்து சேர்ந்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் நடந்ததத்தான் மேல சொன்னேன். ஒனக்கு ஒரு டெய்லர் இருக்கானா? சொக்காய் தைக்கிற டெய்லர் இல்லப்பு. நீ கத்தும்போது பின்னாடியிருந்து சட்டையப் புடிச்சு இழுக்கிற டெய்லர்.

1979ல லீக் கப்பு ஃபைனலுக்கு மொத ராத்திரி, பயலுக பயந்துபோய்க் கெடக்குறாய்ங்கன்னு ஓட்டல்ல எல்லாரையும் உக்கார வச்சு ஷாம்பெயினா ஊத்திவிட்டாரு கிளஃப்பு. மறுநாள் சவுத்தாம்ப்டன்கிட்ட மொதல்ல ஒரு கோல் வாங்கிட்டு, அப்புறம் 3-2ன்னு செயிச்சாய்ங்க. இதக் கேட்டுக்கிட்டு நீ நாளைக்குப் பயலுகள டாஸ்மாக் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயிராத. ஒன் டீமுல பாதிப் பேரு பதினொண்ணாப்பு படிக்கிறவன்.

அடுத்தது ஒன் சாமி. சுவத்துல படம் ஒட்டி வச்சிருக்கியே, அந்த மொரீன்யோ. கறுப்புக் கண்ணாடி ஐடியாவும் அங்க இருந்து வந்ததுதான? அவர நான் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். 2010ல இன்டர் மிலானுக்கு ஒரே வருசத்துல மூணு கப்பு வாங்கிக் குடுத்த மனுசன். கடைசிக் கப்பு வாங்குன ராத்திரி, மாட்ரிட்ல மைதானத்துக்கு வெளிய காருல கெளம்புனவரு திரும்ப எறங்கி வந்து ஆட்டக்காரன் மாட்டராசியக் கட்டிப் புடிக்க, ரெண்டு தடிப்பயலும் கேவிக் கேவி அழுதாய்ங்களே, பாத்தோம்ல. நான்கூட முண்டாசத் தூக்கிக் கண்ணத் தொடச்சேன். நீ பாக்கல. ஊரே நமக்கு எதிரி, நான் மட்டும் ஒங்க பக்கம்னு பயலுகள நம்ப வச்சாரு. நம்புனாய்ங்க. நாய் வந்தா இந்தாளு நமக்கு முன்னாடி நிப்பாருன்னு மந்தைக்குத் தெரிஞ்சா, அது முள்ளுக்காட்டுக்குள்ளயும் வரும்.

2015ல என்ன ஆச்சு? செல்சிக்கு லீக்க செயிச்சுக் குடுத்து மூணு மாசம்தான் ஆச்சு. ஆகஸ்ட் 8ஆம் தேதி மொத ஆட்டம், ஸ்வான்சி கூட. கோல்கீப்பரு சிவப்பு அட்டை வாங்கி வெளிய போயிட்டதால பத்துப் பேருதான் உள்ள இருக்காய்ங்க. கடைசி நேரத்துல ஹசார்ட் கீழ விழுந்தான். நடுவரு கை காட்டிக் கூப்புட்டதும் வைத்தியரம்மா ஈவா கார்னேரோ உள்ள ஓடுனாக. வைத்தியரு வந்து பாத்தா அடிபட்டவன் வெளிய போயிட்டுத்தான் வரணும், அது சட்டம். பத்து ஒம்பதாச்சு. ஆட்டம் 2-2. மொரீன்யோ வெளிய வந்து, அந்தம்மாவுக்கு ஆட்டம் வெளங்கலன்னு ஊரறிய வஞ்சாரு. அந்தம்மா வேலைய விட்டுப் போயி வழக்கு போட்டு, மறு வருசம் செல்சி மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் பேசுச்சு. அது இருக்கட்டும். அன்னைக்கு உள்ள நின்ன பயலுக என்ன நெனச்சிருப்பாய்ங்க? கூப்புட்டதுக்கு ஓடுன வைத்தியருக்கே இந்தக் கதின்னா, பந்தக் கோட்டை விட்டா நமக்கு?

இந்த எடத்துல என் பாவத்தையும் சொல்லிர்றேன். கெடை போட்டிருந்த எடத்துல ஒரு மறி காணாமப் போச்சுன்னு, வயக்காட்டுக்காரரு முன்னாடி வச்சு என் கூட இருந்த சின்னப் பய ஒருத்தன தொரட்டிக் கம்பால வெளுத்துட்டேன். பய அழுகல. மறுநாள்ல இருந்து சொன்ன வேலைய அச்சுப் பெசகாமச் செஞ்சான். ஆகா, அடிச்சதும் திருந்திட்டான்னு மீசைய முறுக்குனேன். அந்த மழைக்கு ரெண்டு ஆடு மூக்குல சளி ஒழுகி ஒதுங்கி நின்னத மொதல்ல பாத்தவன் அவன்தான். எங்கிட்டச் சொல்லல. சொன்னா அடி விழும்னு பயம். எனக்குத் தெரிய வரயில பதினோரு உருப்படி போச்சு. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன், பயந்தவன் வேலை பாப்பான், வாயத் தொறக்க மாட்டான். பந்துலயும் அதான். பயந்த பய பந்தக் கேக்க மாட்டான். கேட்டா தப்பு நடக்கும்ல? வந்த பந்தப் பின்னாடி இருக்கவன்கிட்டத் தள்ளிவிட்டுட்டு, பொறுப்பு முடிஞ்சுச்சுன்னு நிப்பான். நீ கோட்டுக்கு வெளிய நின்னு முன்னாடி போங்கடா, முன்னாடி போங்கடான்னு தொண்டை கிழியக் கத்துவ.

செல்சியில அதுதான் நடந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். முந்துன வருசம் இங்கிலாந்துலயே பெரிய ஆட்டக்காரன்னு பேரு வாங்குன ஹசார்ட், மொரீன்யோ வெளிய போற வரைக்கும் அந்த லீக்ல ஒத்தக் கோல் போடல. 16 ஆட்டத்துல 9 தோல்வி. லெஸ்டர்கிட்டத் தோத்த அன்னைக்கு, நான் சொல்லிக் குடுத்ததுக்குத் துரோகம் பண்ணிட்டாய்ங்கங்கிற மாதிரி மைக்கு முன்னாடி சொன்னாரு. மூணே நாளு. டிசம்பர் 17ஆம் தேதி, சாம்பியன் டீம் 16ஆவது எடத்துல கெடக்கயில, சாமி மலையேறிருச்சு. அப்புறம் வந்த ஹிடிங்குக்கு அதே பயலுக லீக்ல 14 ஆட்டம் தோக்காம ஆடிக் குடுத்தாய்ங்க. அதுக்கடுத்து மேனேஜரா வந்த கான்டேக்கு 93 புள்ளியோட லீக்கையே செயிச்சுக் குடுத்தாய்ங்க. ஆட்டக்காரன் காண்டே மாதிரி ரெண்டு மூணு பேரு புதுசுதான், மறுக்கல. ஹசார்ட் பழைய ஹசார்ட்தான, அவன் மட்டும் லீக்ல 16 கோல் போட்டான். காலு எங்கயும் போயிட்டு வரலப்பு. கால் அங்கனயேதான் இருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை. அந்தக் கடைசி ஆட்டத்துல மொரீன்யோவச் சாச்ச லெஸ்டருக்கு மேனேஜர் யாரு? கிளாடியோ ரனியேரி. 2004ல செல்சியில எந்த ஆள எழுப்பிவிட்டுட்டு அந்த நாற்காலியில மொரீன்யோவ உக்கார வச்சாகளோ, அந்த ஆளு. ஒரு வருசத்துக்கு முன்னாடிதான் கிரீஸ் நாட்டு டீம ஃபேரோ தீவுக்காரய்ங்ககிட்டத் தோக்க விட்டு வேலை போன மனுசன். லெஸ்டர் செயிக்கும்னு பந்தயம் கட்டுனா ஒண்ணுக்கு அஞ்சாயிரம் தரேன்னு கடைக்காரய்ங்க சிரிச்சாய்ங்க. ரனியேரி என்ன மந்திரமா போட்டாரு? கோலே வாங்காம ஒரு ஆட்டம் முடிங்க, பீட்சா வாங்கித் தர்றேன்னாரு. கிரிஸ்டல் பேலஸ 1-0ன்னு முடிச்சதும் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனவரு, அங்க போயி, நீங்களே மாவு தட்டிச் சுட்டுத் தின்னுங்கடான்னுட்டாரு. கில்லாடிக் கெழவன்! 81 புள்ளி, ரெண்டாவது வந்த ஆர்செனலுக்கும் அவருக்கும் 10 புள்ளி தூரம்.

அப்ப பீட்சா வாங்கிக் குடுத்தா செயிச்சுறலாம்னு நோட்டுல எழுதுற பாரு, இதத்தான் வேணாங்கிறேன். மறு வருசம் ரனியேரி அதே சிரிப்புத்தான் சிரிச்சாரு. அந்த ஆட்டக்காரன் காண்டே செல்சிக்குப் போயிட்டான். 2017 பொறந்ததுல இருந்து லீக்ல லெஸ்டர் ஒத்தக் கோல் போடல. பிப்ரவரி 23ல ஆள வீட்டுக்கு அனுப்புனாக. நாலு நாள் கழிச்சு அதே பயலுக லிவர்பூல 3-1ன்னு அடிக்கிறாய்ங்க. அன்னைக்கு அவய்ங்க ஓடுன ஓட்டத்தப் பாத்து எனக்கு வாயில நல்ல வார்த்தையே வரல. பயலுகளும் ஒண்ணும் கோயில் மாடு இல்லப்பு. மேனேஜரக் குத்தம் சொல்ற ஒலகத்துல, ஆட்டக்காரய்ங்களுக்கும் நல்லா நடிக்கத் தெரியும்.

சிரிச்ச மொகமும் நிரந்தரம் இல்லைன்றதுக்கு இன்னொண்ணு. 2018 டிசம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட் மொரீன்யோவ அனுப்பிட்டு சோல்ஸ்கயரக் கூட்டியாந்துச்சு. பச்சப்புள்ள மொகம். மொத ஆட்டமே கார்டிஃப 5-1. வரிசையா எட்டு வெற்றி. ஆகா, இவருதான்டா மருந்துன்னு மார்ச்சுல பட்டா எழுதிக் குடுத்தாக. மே மாசம் கடைசி ஆட்டம், சொந்த மைதானம், அதே கார்டிஃப். லீக்க விட்டே கீழ எறங்குறதுன்னு முடிவாகிப்போன கார்டிஃப். 0-2ன்னு தோத்தாய்ங்க. நெதர்லாந்துல பாஸ் டெர் வீல்னு ஒரு பொருளாதாரக்காரரு பல வருசத்துக் கணக்க எடுத்து வச்சுப் பாத்தாராமே, நீதான படிச்சுக் காட்டுன: பள்ளத்துல விழுந்த டீமுல மேனேஜர மாத்துனதும் எந்திரிக்குது, மாத்தாததும் அதே மாதிரி எந்திரிக்குது. வைத்தியர் வந்தா சளி ஏழு நாள்ல போகும், வராட்டி ஒரு வாரத்துல போகும். புதுத் துணி வாசம்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு தண்ணி பட்டா போயிரும்.

யுனைடெட்டுக்குப் பழைய மேனேஜரு ஃபெர்குசன இதுல எங்க வைக்கிறதுன்னு கேக்குற. முடி காய வைக்கிற மிஷினாட்டம் மூஞ்சிக்கு நேரா அனல்காத்து அடிப்பாருன்னு பேரு. கால்ல பட்ட பூட்ஸ எத்தி பெக்காம் புருவத்தக் கிழிச்ச மனுசன். ஆனா 1995ல கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சு ஒருத்தன ஒதைச்சுட்டு மாசக்கணக்காத் தடை வாங்கி, பிரான்ஸ் பக்கம் போயிட்ட கான்டோனாவ, பாரிஸ் வரைக்கும் தேடிப் போயி சமாதானம் பேசித் திருப்பிக் கூட்டியாந்ததும் அதே ஃபெர்குசன்தான். எல்லா ஆட்டுக்கும் ஒரே தொரட்டி ஆகாது. அனலக் கத்துக்கிற, பாரிஸுக்குப் போன பஸ்ஸுக் கூலிய மறந்துர்ற.

எனக்குப் புடிச்சது லிவர்பூல் மேனேஜரா இருந்த கிளாப். பல்லு பூராத் தெரியச் சிரிக்கிறதுனால இல்ல. 2015 டிசம்பர்ல வெஸ்ட் பிராம் கூட லிவர்பூல் 2-2. தோக்க இருந்தத கடைசி நிமிசத்துல ஒரிகின்னு ஒரு பய சமன் பண்ணுனான். ஆட்டம் முடிஞ்சதும் கிளாப் பயலுக அத்தனை பேரையும் கையக் கோத்து இழுத்துக்கிட்டுப் போயி, கூட்டத்துக்கு முன்னாடி கும்புடு போட வச்சாரு. வெஸ்ட் பிராம் கூட டிரா பண்ணுனதுக்கு இம்புட்டு ஆட்டமான்னு ஊரே கெக்கலி கொட்டுச்சு. நீயும் சிரிச்ச, பக்கத்துல இருந்தேன். மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. பார்சிலோனா கூட அங்க போயி 0-3 தோத்துட்டு வந்து, அதே மைதானத்துல, அதே கூட்டத்துக்கு முன்னாடி 4-0ன்னு திருப்பி அடிச்சாய்ங்களே, மொதக் கோலும் நாலாவது கோலும் யாரு போட்டது? அதே ஒரிகி. அந்தக் கும்புடுனாலதான் இந்தக் கோல் விழுந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கடைசி நிமிசம் வரைக்கும் ஓடுனா கெடைக்கும்னு அன்னைக்கே அவய்ங்க ஒடம்புல ஏத்தி விட்டுட்டாரு.

பசப்புக்காரர்னும் நெனைச்சுறாத. 2018 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல கரியுஸ்னு கோல்கீப்பரு ரெண்டு பெருந்தப்பு பண்ணிக் கப்பு போச்சு. தலையில அடிபட்டு மூளை கலங்கிருந்துச்சுன்னு வைத்தியருக சொன்னதும், கிளாப் அவனுக்காக ஊருக்கு முன்னாடி பேசுனாரு. பேசிக்கிட்டே இருந்தாரு, அந்த சூலையில, அதுவரைக்கும் எந்தக் கோல்கீப்பருக்கும் எவனும் குடுக்காத வெலையக் குடுத்து அலிசன வாங்கிப் போட்டுட்டாரு. ஆகஸ்ட்ல கரியுஸ் துருக்கிக்கு வண்டி ஏறிட்டான். கொடை பிடிக்கிறது ஒரு வேலை, கூரை மாத்துறது ஒரு வேலை. ரெண்டையும் டீக்கடையில செய்யப்படாது.

இங்கிலாந்து டீமுக்கு மேனேஜரா இருந்த அந்த சவுத்கேட்ட மட்டும் சொல்லிட்டு விட்டுர்றேன். 2021 யூரோ ஃபைனல்ல பெனால்டியில மூணு பயலுக கோட்டை விட்டாய்ங்க. கடைசியா அடிச்ச சாக்காவுக்கு 19 வயசு. சவுத்கேட் வெளிய வந்து, யாரு அடிக்கணும்னு முடிவு பண்ணுனது நானு, தப்பு என்னுதுன்னுட்டாரு. அவரே 1996ல பெனால்டிய விட்டுட்டு ஊர் பேச்ச வாங்குன ஆளு, அந்த வலி தெரியும். 2024ல சுவிட்சர்லாந்து கூட மறுபடியும் பெனால்டி வந்துச்சு. சாக்கா போயி நின்னான், அடிச்சான். திரும்பப் போயி நின்னான் பாத்தியா, அதுதான்ப்பு எனக்கு ஆட்டம்.

சரி, வாய் காஞ்சு போச்சு. அந்தா வேலிப்படலுக்கிட்ட ஒரு உருவம் நிக்குது பாரு. இருட்டுல தெரியாது ஒனக்கு, அந்தக் கண்ணாடி புண்ணியம். ஒன் கோல்கீப்பருதான். நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டான். கையுறையும் சட்டையும் பையில மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கான், ஒங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் போகணுமாம். டீக்கடைச் சேதி எனக்கு வந்த வழியிலதான் அவனுக்கும் போயிருக்கு. நாந்தான் அப்பத்தாகிட்டச் சொல்லி கஞ்சியும் சுட்ட கருவாடும் வச்சு, பேச்சுக் குடுத்து நிப்பாட்டி வச்சிருக்கேன். அஞ்சாவதா ஒரு கோல் வந்துச்சாமே, அதக் கால வச்சுத் தடுத்தானாமே? அத ஒருத்தரும் டீக்கடையில சொல்லலப்பு, அவனும் சொல்லல. எதிர் டீமுக்காரப் பய ஒருத்தன் சைக்கிள்ல போகயில சொல்லிட்டுப் போனான்.

எந்திரி, போ. பையக் கையில வாங்காத. விசில இங்கிட்டு வச்சுட்டுப் போ, வடகம் காயப் போட்டிருக்கு, நாளைக்குக் காக்கா வெரட்ட ஆகும்.